அலைக்கு முன்னால் எழுதிய பாட்டு

இன்று மரக்காணத்திலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள். குயிலாப்பாளையத்து ராக் பேண்டின் பாட்டு ஒன்றைப் பற்றிச் சண்டை.

"சுனாமிக்கு அப்புறம் எழுதனதுடா. வாசல்ல தண்ணின்னு வருதே, கேக்கலியா?"

"போடா, அதுக்கு முன்னாடியே திருவிழாவுல பாடுனாங்க. எங்கண்ணன் கேட்டிருக்கான்."

"பாடுறவரே சிடியில சொல்றாரு, அலை வந்த மறுவாரம் எழுதனேன்னு. அவருக்குத் தெரியாதது உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"முன்னாடிதாம்பா. மழையில உப்புக் குவியலெல்லாம் கரைஞ்ச வருஷம், எங்க வூட்டுல ஒக்காந்து எம்புள்ள எழுதனான். உங்க பாடகன் பக்கத்துல ஒக்காந்து நான் வச்ச மீன் கொழம்ப தின்னுனு இருந்தான்."

இருவரும் திரும்பினார்கள். "உங்க புள்ள பேண்டுல இருக்காரா ஆயா?"

"இருந்தான். அலையில போயிட்டான்."

அண்ணனைச் சாட்சிக்கு இழுத்த பையன் மெதுவாக, "சிடியில அவரு பேரு இல்லீங்களே ஆயா" என்றான்.

இல்லைதான். அலைக்குப் பிறகு எழுதியது என்று சொல்லிவிட்டால், அலையில் போனவன் பேரை எதற்குப் போட வேண்டும்? துக்கம் கேட்க வந்த அன்று அந்தப் பாடகன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதையும் நான் மறக்கவில்லை.

இதைப் படிப்பவர்களிலும் அவனுடைய ரசிகர்கள் இருப்பீர்கள். அலைக்குப் பிறகுதான் என்று அடம்பிடிப்பதாயிருந்தால் சரி, என் பிள்ளை செத்த பிறகு வந்து எழுதினான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேரை மட்டும் போடச் சொல்லுங்கள்: ஏழுமலை.