ஊறாத செங்கல்

கம்பம் ஊரில் ஒரு நெல் கிடங்குக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தோம். அறுப்பு நெருங்கிவிட்டது. மூட்டை வண்டிகள் வருவதற்குள் கூரை ஏற வேண்டும். சுவரின் ஒரு முனையில் நான், மறுமுனையில் என் வயதுக் கொத்தனார் ஒருவன். நடுவே நூல் கட்டியிருக்கும். இருவரும் பாதிப்பாதி கட்டி நடுவில் சேர்ந்தால்தான் நூலை அடுத்த வரிசைக்கு ஏற்றலாம். அவன் பாதி முடிந்து வெகுநேரம் ஆகியும் நான் சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு தடவை பார்த்தாலும் எனக்குச் சந்தேகம் தீராது.

"என்ன மாப்ள, கல்லுக்குத் தாலாட்டுப் பாடுறியா?" என்பான். சித்தாள் பெண்கள் சிரிப்பார்கள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "நாளைக்கும் உன்னால நூலு நின்னுச்சுன்னா, கரண்டியக் கழுவிட்டு வீட்டுக்குப் போயிரு."

நாலாவதோடு பள்ளியை விட்டவன் நான். கொத்துக்கரண்டியைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. மறுநாள், செங்கல் தொட்டியில் ஊறும்வரை காத்திருக்காமல், குவியலிலிருந்து காய்ந்த கல்லையே எடுத்து வைத்தேன். ஆறு வரிசை ஏறியது. மேஸ்திரி தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கோ சோறு இறங்கவில்லை. காய்ந்த கல் சுண்ணாம்புச் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். அப்புறம் அது பிடிக்காது. அந்தச் சுவரில் மூட்டை சாயும். பக்கத்தில் ஆள் நிற்பான்.

விடிந்ததும் போய் மேல்கல்லை அசைத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் சாந்து மாவாக உதிர்ந்தது.

மேஸ்திரி வரும்போது பிரித்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"கரண்டிய வச்சிட்டுக் கெளம்பு," என்றார்.

மறுமுனைக்காரன் சாரத்திலிருந்து இறங்கி வந்தான். "அண்ணே, அவனா சொல்லலேன்னா இது நமக்குத் தெரிஞ்சிருக்குமா? அவன அனுப்புனா நானும் வாரேன். ஒத்த முனையில நூலு கட்ட முடியாது."

மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சித்தாள்கள் பக்கம் திரும்பி, "ஆத்தா, இனிமே ஒரு ஆளு காலையில இருந்தே அங்கன தொட்டிக்கிட்டயே நில்லுங்க. ஊறாத கல்லு சாரம் ஏறக்கூடாது," என்றார். எனக்கு உயிர் வந்தது.

அந்த ஆறு வரிசையையும் அவனும் கூட நின்று பிரித்துக் கட்டினான். அதற்குப் பிறகும் நான் மெதுவாகத்தான் கட்டினேன். சுபாவம் எங்கே போகும்? அவன்தான் தன் பாதியோடு நிற்காமல், வரிசைக்கு நாலைந்து கல் என் பக்கமும் வைத்துக்கொண்டே வந்தான். அறுப்புக்கு முன் கூரை ஏறியது. எனக்காக வைத்த அந்தக் கல்லை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.