தேங்காய் எண்ணெய் பட்ட பிரேக்

கோ-கார்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரும்புக் குழாயில் ஒரு சட்டம், நான்கு குட்டிச் சக்கரங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு இன்ஜின். உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மூடிப்போன ஒரு கேளிக்கை மைதானத்தில் அது பழைய இரும்பாகக் கிடந்தது. அதை வாங்கிக் குட்டியானை வேனில் ஏற்றி, மந்தைவெளியில் என் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கியவன் என் மனைவியின் தம்பி.

"இன்னாடா இது?"

"வண்டி மாமா."

"இத வெச்சிக்கினு எங்க போவ?"

"எங்கயும் போவ வேணாம். சுத்திச் சுத்தி வருவேன்."

அவன் தி.நகரில் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் பிளவுஸ் டெய்லர். முப்பது வயதைத் தாண்டியவன். கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். வாரம் முழுக்கக் கழுத்து வளைவும் கை அளவும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு பைத்தியம்.

தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுவது என் தொழில். கடைக்குப் பின்னால் ஒரு மனை இருக்கிறது. பழைய வீட்டை இடித்தார்கள், அடுக்குமாடி வருகிறது என்றார்கள், பங்காளிகளுக்குள் வழக்கு வந்து எல்லாம் நின்றுபோனது. நீளமான சிமெண்ட் தரை மட்டும் மிச்சம். காவலுக்கு இருந்தவரிடம் கேட்டுக்கொண்டு அங்கேதான் ஓட்டினோம். ஒரு பழைய மொபெட்டின் இன்ஜினை நான் பொருத்தினேன். பிரேக்கை அவன் போட்டான்.

அது பட்டை பிரேக். பின் அச்சில் ஒரு டிரம் இருக்கும். அதைச் சுற்றி ஒரு தகட்டுப் பட்டை, பட்டையின் உள்பக்கம் உரசிப் பிடிக்கிற லைனிங். பெடலை மிதித்தால் கேபிள் பட்டையை இழுக்கும், பட்டை டிரம்மைக் கவ்வும், வண்டி நிற்கும். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் அவன் சிரித்தான்.

"இடுப்புக்கு டேப் புடிக்கிற மாதிரிதான் மாமா. உள்ள லைனிங் வேற வெக்கணும்ன்றீங்க. நம்ம வேலதான்."

"பிளவுஸ் கிழிஞ்சா மானம்தான் போவும். இது கிழிஞ்சா பல்லு போவும். ஒழுங்கா போடு."

ஒழுங்காகத்தான் போட்டான். லைனிங்கை அளந்து வெட்டி ரிவெட் ஆணி அடித்தான். மிதித்தால் வண்டி நச்சென்று நின்றது. இதை இங்கே எழுதி வைக்கிறேன். கையில் கட்டோடு அவன் உட்கார்ந்திருந்தபோது நான் இதைச் சொல்லவில்லை.

போன வருஷ ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவினோம். ஸ்பேனர், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்து, மணைப்பலகையில் செய்தித்தாள் விரித்துச் சாமி படத்தின் முன்னால் அடுக்கினேன். கடையில் கிடக்கும் மோட்டார்களைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பது எனக்கு வழக்கம். அழுக்கு இரும்புகூடப் புதுசு மாதிரி மினுக்கும். அந்த வேகத்தில் கோ-கார்ட்டையும் துடைத்தேன். சட்டத்தைத் துடைத்தேன், அச்சைத் துடைத்தேன், டிரம்மையும் துடைத்தேன். பட்டையின் இடுக்கில் கொஞ்சம் துரு தெரிந்தது. துணியை அங்கேயும் விட்டு இழுத்தேன்.

மோட்டாரோடு வாழ்கிறவன் நான். பிரேக் டிரம்மில் எண்ணெய் படக் கூடாது என்று ஒருவன் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை பாட்டுக்குத் துடைத்தது, புத்தி எங்கேயோ இருந்தது. இதற்கு மேல் எனக்கு ஒரு சமாதானமும் கிடையாது.

அப்புறம் என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அவள் பொட்டு வைத்தால் எதையும் விடமாட்டாள். கல்லாப்பெட்டி, டேபிள் ஃபேன், தண்ணீர்க் குடம், என் ஸ்கூட்டர், கோ-கார்ட்டின் நான்கு சக்கரங்கள், இன்ஜின், கடைசியாக அந்த டிரம். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

கற்பூரம் காட்டி முடித்து வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். தள்ளும்போது அவன் உட்கார்ந்து பெடலை மிதித்தான். வண்டி நிற்காமல் உருண்டது.

"மாமா, பிரேக்கு வழுக்குது. இன்னான்னு பாத்துட்டு ஓட்றேனே. அந்தப் பன்னண்டு நம்பர் ஸ்பேனர் குடுங்க."

"பூஜைல கீதுடா. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

"ஒரே ஒரு ஸ்பேனர் மாமா."

"சாமி முன்னாடி வெச்சத உனக்காக எடுக்கணுமா? நாலு அடி ஓட்டு, பழம் நசுங்குனா எறங்கிடு. பயமா இருந்தா சொல்லு, உங்க அக்கா ஓட்டட்டும்."

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் கருவியைப் பூஜையில் வைத்துவிட்டால் அன்றைக்கு அதைத் தொடுவதில்லை. அது எங்கள் கடையில் எப்போதுமே உள்ள கட்டுப்பாடு. சின்னவன் கேட்டான் என்பதற்காக அதை மாற்றுவதா என்கிற திமிர்தான் அதிகம். பயமா என்று கேட்டேன் பாருங்கள், அவன் இன்ஜினைக் கிளப்பிவிட்டான்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. என் மனைவி கை தட்டினாள். அந்தக் குஷியில் அவன் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினான். மனையின் கோடியில் மதில் சுவர். பாதித் தூரத்திலேயே அவன் கால் பெடலில் முழுசாக இறங்கியதைப் பார்த்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. சுவரில் மோதாமல் ஒடித்துத் திருப்பினான். பக்கத்தில் கிடந்த ஜல்லிக் குவியலில் ஏறி வண்டி கவிழ்ந்தது. வலது கையை ஊன்றி விழுந்தான்.

மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் பிளவுஸ் டெய்லரின் வலது கை. அவன் கடையில் கம்பி நிறைய அளவு ரவிக்கைகளும் துணிகளும் தொங்கின. தி.நகரில் ஒரு டெய்லர் தீபாவளிக்குத் தைத்துக் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பெண்கள் பொங்கலுக்கு அவனிடம் திரும்பி வரமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து நான்தான் அவனைப் பார்த்துக் கத்தினேன். "பிரேக்கு போடச் சொன்னா ஹெம்மிங் தையல் போட்டு வெச்சிக்கிறான்" என்றேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் தலையாட்டினான்.

"என் மேலதான் மாமா தப்பு. ரிவெட்டு லூசாயிருக்கும்."

மறுநாள் காலையில் பூஜையைப் பிரித்து ஸ்பேனர்களை எடுத்தேன். முதல் வேலையாகக் கேபிளை இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். வண்டியைத் தள்ளிவிட்டு மிதித்தேன், வழுக்கியது. கேபிள் இழுபட்டு நீண்டதுதான் மிச்சம். குனிந்தபோது மூக்கில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. பட்டையைக் கழற்றாமல் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். "கேபிள்தான் போச்சு" என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

அவன் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துக் கட்டோடு கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். "பட்டையக் கழட்டுங்க மாமா, பாத்துடலாம்" என்றான். என் மனைவியும் கூட வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் கழற்றினேன். ரிவெட் ஒன்றுகூட அசையவில்லை. லைனிங் முழுக்க மஞ்சளாகச் சந்தனம் அப்பியிருந்தது.

அவன் சிரித்தேவிட்டான். "யக்கா! டிரம்முக்குப் பொட்டு வெச்சிக்கிறியே, அதுக்கு இன்னா நெத்தியா கீது?"

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் முகம் செத்துப்போனது.

காய்ந்த சந்தனம் தூளாக உதிர்ந்துவிடும். வழுக்க வைத்தது எண்ணெய். அந்த எண்ணெயில்தான் சந்தனமே ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை. பட்டையை ஒரு மூலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனேன்.

அன்றிலிருந்து அவள் அந்த வீடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கை டிரம்மில் சந்தனம் வைப்பது அதில் தெளிவாக இருக்கிறது. என் கை துடைத்ததை யாரும் வீடியோ எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தைக் கழுவிப் பரண்மேல் போட்டுவிட்டாள். தம்பி கடைக்குப் போய், தெரிந்த அளவுக்குத் தைத்தாள். துணி கேட்டு வருகிறவர்களிடமெல்லாம், "என் கை சும்மா இருந்திருந்தா என் தம்பி கை நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. தைத்ததை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. மயிலாப்பூரில் ஒரு மாமி ரவிக்கையைப் பிரித்துத் தூக்கிப் பார்த்தார்.

"நான் ரவிக்கை கேட்டேன். நீங்க தலகாணி உறை கொண்டு வந்திருக்கேளே!"

"தப்புதாங்க. பிரிச்சித் தரச் சொல்றேன்."

"பிரிச்சா மறுபடியும் யார் தைப்பா? அந்தப் பிள்ளைக்குக் கை இல்லையே." குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க ஆத்துக்காரி போன்ல ஒரே அழுகை. சந்தனம் வெச்சது தப்பா மாமின்னு கேக்கறா. பகவானுக்குப் பண்ணினது தப்பாகுமோ? நீங்களாவது சொல்லப்படாதோ அவளுக்கு?"

நான் படியிறங்கினேன்.  யாரோ ஒரு மாமிக்கு அவள் மேல் இருக்கிற இரக்கம் எனக்கு இல்லையா? இருந்தது. என் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்வது அதைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. அதுதான் உண்மை.

நேராகத் தி.நகர் போனேன். அவள் மெஷினில் இருந்தாள். அவன் இடது கையால் துணியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன்.

"சந்தனம் இல்ல. நான்தான் தேங்காண்ண தொட்டு டிரம்ம தொடச்சேன். அதான் வழுக்குச்சி."

மெஷின் நின்றது. 

"எப்போ தெரியும் உனக்கு?" என்றாள்.

"மறுநாளே."

"யோவ், நான் சந்தனக் கிண்ணத்தப் பரண்ல போட்டேனே, ஸ்டூல புடிச்சிக்கினு நின்னது நீதானே? அப்பக்கூட வாய் வர்ல?"

  அவள் எழுந்து துணிகளை மடித்து வைத்துவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டாள். ஸ்கூட்டர் இருக்கிறது என்று சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மட்டும் இருந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல பிரேக்க சரி பண்ணுங்க மாமா" என்றான்.

சரி பண்ணினேன். எண்ணெய் குடித்த லைனிங்கை ஒன்றும் செய்ய முடியாது. கழுவினாலும் சூடு ஏறினால் மறுபடி கக்கும். அதைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புது லைனிங் வாங்கி வெட்டி ரிவெட் அடித்தேன். டிரம்மைப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். வெள்ளைத் துணியில் அழுக்கு வராதவரை துடைத்தேன். உப்புத்தாளால் தேய்த்து அந்தப் பளபளப்பையே எடுத்தேன். நான் இறுக்கி நாசமாக்கிய கேபிளையும் மாற்றினேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்பேனர் எடுத்துக் கொடு என்று கேட்க எனக்கு நா எழவில்லை. எழுந்து எழுந்து நானே எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும், "ஓட்டுங்க" என்றான்.

"நானா?"

"பின்ன? என்னாண்ட ஒரு கைதானே கீது."

ஓட்டினேன். அவன் முறுக்கிய அளவுக்கு முறுக்கினேன். சுவர் வந்தது. மிதித்தேன். டயர் கிறீச்சிட்டு வண்டி நின்றது. திரும்பிப் பார்த்தேன். "நிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் நடந்து போய்விட்டான்.

தீபாவளிக்குப் பாதித் துணியை வேறு டெய்லரிடம் கொடுத்துத் தைத்துத் தந்தோம். மீதியைப் பெண்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை. கை கூடிவிட்டது. ஆனால் ரொம்ப நேரம் கத்திரி பிடித்தால் கையை உதறிக்கொள்கிறான். அவன் உதறும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்க்கிறேன். என் மனைவி பேசுகிறாள், சமைக்கிறாள், சண்டை போடுகிறாள். அந்த விஷயத்தை மட்டும் தொடுவதில்லை. சண்டையில்கூட எடுக்கமாட்டாள். எடுத்தால் நன்றாக இருக்கும்.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. காலையில் கடையைத் திறந்து, துணியையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு மோட்டார்களைத் துடைத்தேன். கோ-கார்ட் பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் பார்த்தேன். பின் அச்சில், டிரம்முக்கும் பட்டைக்கும் மேலே ஒரு பச்சை பிளவுஸ் பிட்டைச் சுற்றியிருந்தது. சும்மா கட்டவில்லை, ஓரத்தை மடித்து ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்திருந்தது, அவன் தையல்தான்.

பக்கத்தில், அன்றைக்கு அவன் கேட்ட அதே பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கிடந்தது. அதைப் பூஜையில் அடுக்க நான் எடுக்கவில்லை. சாமி முன்னால் ஒரு ஸ்பேனர் குறைவாகவே இருந்தது. பரணிலிருந்து இறக்கிய சந்தனக் கிண்ணத்தோடு வந்த என் மனைவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். அந்தத் துணியருகில் வந்ததும் நின்றாள். பிறகு துணியின் மேலேயே ஒரு பொட்டு வைத்துவிட்டு, என் கையில் இருந்த எண்ணெய்த் துணியை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் அதைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தேன்.