படத்தில் இல்லாத கோபுரம்

சூப்பரிண்டெண்டு என் படத்தை மேசையில் போட்டுத் தட்டினார். “என்னய்யா இது? தோப்பு இருக்கு, கோயில் இருக்கு, ஒத்தைப் பனைமரம்கூட இருக்கு. நம்ம லைட் ஹவுஸ் எங்க?”

“கடல்லேருந்து பாத்தா அது தெரியலீங்க. தெரியாததை எப்படிங்க வரையறது?” என்றேன்.

உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்களில் கட்டுமாவடிப் பக்கம் லைட் கீப்பராக இருந்தேன். திரி வெட்டுவது, எண்ணெய் ஊற்றுவது, கண்ணாடி துடைப்பது போக மிச்ச நேரமெல்லாம் படம் வரைவேன். சும்மா சொல்லக் கூடாது, கை நன்றாகவே வரும். ஆபீசுக்கும் அது தெரியும். கடலிலிருந்து பார்த்தால் நம் கரை எப்படித் தெரியும் என்று ஒரு படம் வேண்டும், அச்சடித்துக் கப்பல்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று உத்தரவு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முத்துக்கருப்பன் என்கிற மீன்காரரின் பாய்ப்படகில் கலர் டப்பாவோடு ஏறினேன். ஆறு வருஷ சர்வீசில் கடலுக்குள் போனது அதுதான் முதல் தடவை. கரையைத் திரும்பிப் பார்த்தால், வருஷா வருஷம் நானே கயிற்றில் தொங்கிச் சுண்ணாம்பு அடித்த கோபுரத்தைக் காணோம்! வெள்ளை மணல், வெளுத்த வானம், நடுவில் வெள்ளைக் கோபுரம்; எப்படித் தெரியும்?

“லைட் ஹவுஸ் எங்கிட்டுப்பா இருக்கு?”

“அதைப் பகல்ல யாருங்க பாத்தா? நாங்க அந்த ஒத்தப் பனையை வச்சுத்தான் வாரோம். வெளியூர்க்காரவுகளுக்குப் பனை தெரியுமா? அதான் ரெண்டு தோணி மணல்திட்டுல ஏறி ஒடைஞ்சுச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தோணிகள் உடைந்தபோது ஓட்டியவர்களைத்தான் நான் ஏசியிருந்தேன்.

இதையெல்லாம் சொன்னேன். சூப்பரிண்டெண்டு கேட்கவில்லை. “கோபுரத்தைப் போட்டுக் கொடும். இல்லேன்னா உம்ம வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்.”

வீட்டில் நான்கு பிள்ளைகள். பிரஷை எடுத்தால் இரண்டே இழுப்பில் முடிகிற வேலைதான். ஆனால் அந்தப் படத்தை நம்பி வருகிறவன், இல்லாத கோபுரத்தைத் தேடிக்கொண்டே திட்டில் போய் ஏறுவான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், “ஒரு தடவை படகுல வந்து பாருங்க. உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா நானே ராஜினாமா எழுதித் தாரேன்” என்றேன்.

மறுநாள் காலையில் அழைத்துப் போனோம். நெற்றியில் கையை வைத்து இங்கிட்டும் அங்கிட்டும் தேடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேடினார். கடைசியில், “அதோ! அதோ இருக்கே!” என்று துள்ளினார்.

“அது பக்கத்தூரு படகோட பாயிங்கய்யா” என்றார் முத்துக்கருப்பன்.

படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார் சூப்பரிண்டெண்டு. இறங்கியதும், “தார் இருக்காய்யா?” என்றார்.

வெள்ளைக் கோபுரத்தின் குறுக்கே தாரால் இரண்டு கறுப்புப் பட்டை அடித்தேன். மறுபடி கடலுக்குப் போய், கண்ணால் பார்த்து, அதே படத்தில் கோபுரத்தைச் சேர்த்தேன். அதற்கப்புறம் என் காலத்தில் பகலில் ஒரு தோணிகூடத் திட்டில் ஏறவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சேர்ந்த முதல் வாரமே படகேறிப் போய் உங்கள் கோபுரத்தை அங்கிருந்து பாருங்கள். நான் அப்படிப் போயிருந்தால் அந்த இரண்டு தோணிகளும் கரை சேர்ந்திருக்கும்.