நாளைக்கு வெயில் வரும்

ஸ்ரீபாலுக்குச் செஞ்சியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர் உத்தியோகம். சோதனைக்குழாய் கழுவுகிற வேலைதான். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு ஹெட்மாஸ்டருக்கே கிடையாது. ராஜகிரிக் கோட்டை உச்சியை மேகம் எந்தப் பக்கமிருந்து மூடுகிறது, லேபில் கிடந்த, காற்றழுத்தம் காட்டும் பழைய பாரமானியின் முள் எப்படித் திரும்புகிறது, இந்த இரண்டையும் வைத்து மறுநாள் மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். சிங்கவரத்துக்காரர்கள் அவரைக் கேட்காமல் நெல்லில் அரிவாள் வைக்கமாட்டார்கள். பத்துக்கு எட்டு பலிக்கும். பலிக்காத இரண்டை அவர் சௌகரியமாக மறந்துவிடுவார். ஊரும் மறந்துவிடும், அவ்வளவு பெரிய மனசு.

இந்த வித்தை பிடிபட்டதே மனைவி நீலாஞ்சனாவால்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தை இல்லை. மேல்சித்தாமூர் ஜைனக் கோயிலில் நின்று அவளாக ஒரு நோன்பு எடுத்துக்கொண்டாள். மார்கழி முழுக்கச் சூரியனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பாடு. அதுவரை வெந்நீர் மட்டும். மார்கழி வானமோ நம்பத் தகாத வானம். "ஏங்க, இன்னிக்கு எப்ப வரும்?" என்று அவள் கேட்பாள். அவர் மலையைப் பார்த்து மணி சொல்வார். அந்த மணிக்கு அவள் உலை வைப்பாள்.

அறுபத்தைந்தாம் வருஷ மார்கழியில் அவளுக்கு ஐந்து மாதம். இந்த நிலைமையில் எதற்கு என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டது கிடைத்த வருஷத்திலா நோன்பை விடுவது என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள். அரையாண்டு விடுமுறை விட்ட அன்று வானம் மூடிக்கொண்டது. மூன்று நாள் திறக்கவில்லை. மூன்று நாளும் வெந்நீர்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் பஞ்சாயத்து ரேடியோவில் நாளைக்கும் மழை நீடிக்கும் என்று செய்தி சொன்னார்கள். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். மெட்ராஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு நம்ம மலையைப் பற்றி என்ன தெரியும், ஸ்ரீபால் சொல்லட்டும் என்றார்கள். காலையில் அவர் லேபைத் திறந்து பார்த்தபோது பாரமானி முள் ஒரு இழை ஏறியிருந்தது. வெயில் வரும் என்று அவர் சொன்னார். கைதட்டாத குறை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் மருத்துவச்சி தைலம்மாள் கஞ்சியும் கையுமாக நின்றாள். பொழுது சாய்ந்தால் ஜைன வீட்டில் சாப்பாடு கிடையாது. இப்போது விட்டால் இன்னொரு ராத்திரியும் பட்டினி. நீலாஞ்சனா அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. நாளைக்கும் வராதுன்னா இப்பவே குடிச்சிடறேன். பாவம் வந்தா வரட்டும்."

"காலையிலேயே வந்துடும்" என்றார்.

அவள் கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் வரை ராஜகிரியே கண்ணுக்குத் தெரியவில்லை. மலையைப் பார்க்க வாசலுக்கு வந்தவள் படியில் மயங்கி விழுந்தாள். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கலைந்தது ஆண் குழந்தை. அதற்கு மறுநாள் காலை சுள்ளென்று வெயில் அடித்தது. ஸ்ரீபால் ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நீலாஞ்சனா அவருக்காகப் பேசினாள். அவர் சொன்ன வெயில் ஒரு நாள் தள்ளி வந்தது, அவரும் மனுஷர்தானே என்றாள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அவருக்கு உயிர் போய் வந்தது. பொங்கல் கழிந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. அவள் முறத்தில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை எடுத்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ரேடியோவுல நாளைக்கும் மழைன்னு சொன்னான். கேட்டுட்டுதான் வூட்டுக்கு வந்தேன்."

அவள் கை நின்றது.

"கேட்டுட்டா வந்தீங்க?"

அவர் தலையாட்டினார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு ரேஷன் சர்க்கரை வந்ததா என்று கேட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைக்கட்டுமா என்று கேட்டாள். வானத்தைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த மார்கழியில் அவள் நோன்பு எடுக்கவில்லை. மழை மூட்டமான ஒரு காலையில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, இட்லித் தட்டோடு உட்கார்ந்து வாசல் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டு முடித்தாள்.