வேலணையில் ஊற்றிய ஒரு குடம்

1983 வைகாசி. பிற்பகல் இரண்டரை மணிக்கு நல்லூரிலிருந்து புறப்பட்டோம். குறிகாட்டுவான் துறைக்கு ஏறத்தாழப் பதினெட்டு மைல். அங்கிருந்து நயினாதீவுக்கு மோட்டர் வள்ளம், தலைக்கு ஒரு ரூபா. கடைசி வள்ளம் ஐந்தரைக்கு. மறுநாள் விடிய அம்மன் கோயிலில் என் தம்பிக்குக் கல்யாணம். தாலியும் கூறைச்சேலையும் என் மனைவி சரோவின் மடியில் இருந்தன. கார், அப்பா விட்டுப்போன ஐம்பத்தைந்தாம் ஆண்டு மொடல்.

"பஸ்ஸிலை போவமெண்டு சொன்னனான்," என்றாள் சரோ.

"நீர் பேசாமல் இரும். பஸ்ஸுக்கு முந்தி நிப்பன்."

நான் கணக்கு வாத்தியார். கார் வித்தையும் தெரியும் என்ற எண்ணம் அப்போது தலைக்கேறியிருந்தது. பெற்றோல் மணத்தில் தலையிடிக்கிறது என்று சரோ சொன்னதற்காக, முதல்நாள்தான் பெற்றோல் தாங்கியின் மூடிக்குள் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி இறுக்கிப் பூட்டியிருந்தேன். மணம் அடியோடு நின்றது. நாலு பேரிடம் பெருமையும் அடித்திருந்தேன்.

மூன்று மணி. பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டிக்கு வந்ததும் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பொனற்றைத் திறந்தால் அனல் அடித்தது. கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். பிறகு ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று.

"சூடுதான். ஆற விட்டால் சரி," என்று தீர்ப்புச் சொன்னேன்.

மூன்றே முக்கால். வேலணையில், கடல் கண்ணுக்குத் தெரிகிற ஓரிடத்தில், மறுபடியும் நின்றது. எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. தாலி இங்கே, மாப்பிள்ளை அங்கே! எதிரில் ஓலைவேலி போட்ட வீடு. வேலி வாசல் படலையில் நின்று, "தங்கச்சி, கெதியாக் கொஞ்சம் தண்ணி தாங்கோ!" என்று கத்தினேன்.

இளம்பெண் ஒருத்தி இடுப்பில் குடத்தோடும் கையில் தண்ணீர் குடிக்கிற பேணியோடும் ஓடிவந்தாள். "ஆறுதலாக் குடியுங்கோ, அண்ணை."

இரண்டையும் வாங்கி, பேணியை வேலியோரம் வைத்தேன். துவாயை எஞ்சினிலிருந்த பெற்றோல் பம்பின் மேல் சுற்றி, குடம் முழுவதையும் அதன்மேல் ஊற்றினேன். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். என் கெட்டித்தனத்தைப் பார்த்து மலைத்து நிற்கிறாள் என்று நினைத்தேன், மடையன்.

கார் கிளம்பியது. கால் மைல் போய் நின்றது. நாலு இருபது. நான் திரும்ப நடந்துபோய், "இன்னொரு குடம் தாங்கோ," என்றேன்.

"இனி இல்லை, அண்ணை."

"கிணறு கிடக்குதே! ஒரு குடம் அள்ளித் தர ஏலாதோ?" என்று எரிந்து விழுந்தேன்.

"உது உப்பு," என்றாள். குரல் உயரவேயில்லை. "நீங்கள் குடிக்கக் கேக்கிறியளெண்டு நல்ல தண்ணியைத் தந்திட்டன். காருக்கெண்டு சொல்லியிருந்தால் உதிலை அள்ளித் தந்திருப்பன். நல்ல தண்ணி அவர் ரெண்டு கட்டை தூரம் சைக்கிள் உழக்கிக் கொண்டுவாறது. இண்டைக்கு அவ்வளவும்தான் இருந்தது."

தீவுப்பகுதியில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியாததல்ல. தெரியும், நினைக்கவில்லை. கடலில் ஒரு வாளி அள்ளி ஊற்றியிருந்தாலும் போதும். மன்னிப்புக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காருக்கு நடந்தேன்.

நான் போய்ச் சேரவும், அந்த வீட்டுப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு வெறுங்கலன்கள் கட்டியிருந்தன. அவள் புருஷன்தான். வேலையால் வந்த கையோடு திரும்பவும் தண்ணீருக்குப் புறப்பட்டிருக்கிறார். கார் நின்று நின்று வந்த கதையைச் சொன்னேன்.

"நான் வள்ளத்து மெசின் ஓட்டுறனான். பாப்பம் அண்ணை. பெற்றோல் கிடக்குதோ?" என்றபடி தாங்கி மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"உதுதான் சங்கதி. மேலாலை காத்துப் போக வழியில்லாட்டி பெற்றோல் எப்பிடிக் கீழாலை வரும்? கார் திரும்ப ஓடினது ஆறினதாலை இல்லை, நிண்ட நேரத்திலை காத்து உள்ளுக்குக் கசிஞ்சதாலை. ஆர் உதைப் பூட்டினது?"

"கராஜ்காரன்," என்றேன்.

சரோ என்னைப் பார்த்தாள். பிறகு கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"விசரன்!" என்று அந்த இல்லாத கராஜ்காரனைத் திட்டி, ரப்பரைப் பிய்த்தெறிந்தார் அவர். கார் உடனே ஸ்டார்ட் ஆயிற்று. "கெதியாப் போங்கோ, வள்ளம் போயிடும். நானும் இருட்ட முந்தித் தண்ணியோடை வீட்டை போகோணும்." குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஐந்து இருபதுக்குத் துறை. வள்ளம் கிடைத்தது. விடிய நல்ல நேரத்தில் தாலி ஏறியது. தாலியை நேரத்துக்குக் கொண்டுவந்த கெட்டிக்காரன் என்று பந்தியில் என்னைப் புகழ்ந்தார்கள். அன்றிரவு சரோவிடம் மட்டும் அந்தக் குடத்தின் கதையைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் திரும்பினோம். கல்யாணப் பலகாரத்தில் ஒரு பொதியைச் சரோ தனியாகக் கட்டி வைத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் படலையிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. உதைக் குடுத்து, நீங்களே உங்கடை வாயாலை சொல்லுங்கோ."

"ஓம்," என்றேன்.

வேலணை வந்தது. ஓலைவேலி தெரிந்தது. அவள் முற்றத்தில் நின்றாள். காரை அடையாளம் கண்டு கையை உயர்த்தினாள். வேண்டாத இடமெல்லாம் நின்ற கார் இங்கே ஒரு தரம் நிற்காதா என்று மனம் கேட்டது. அது தன்பாட்டில் ஓடியது. நானும் பிறேக்கை மிதிக்கவில்லை.

பலகாரப் பொதி நல்லூர்வரை சரோவின் மடியிலேயே வந்தது. உப்புக் காற்றில் வந்த காரை வழக்கம்போல் கழுவுவோம் என்று வீட்டுக் கிணற்றில் வாளியை இறக்கினேன். பளிங்குபோல நல்ல தண்ணீர் வந்தது. சரோ பொதியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வாளியை அப்படியே கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டு, காரைக் கழுவாமல் உள்ளே போய்விட்டேன்.