தட்டி நிமிர்த்திய இரும்பு

வெண்ணந்தூரில் விசைத்தறி வைத்திருக்கும் எங்களிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. அதை ஓட்டுவது நான்தான். போன வருடம் சாலைப் பள்ளம் ஒன்றில் வேகமாக இறங்கியதில், முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் 'லோயர் ஆர்ம்' என்ற இரும்பு வளைந்துவிட்டது.

"பழைய வண்டிங்க, புதுசு வர ஒரு வாரம் ஆகுமுங்க. அவசரம்னா தட்டி நிமித்தித் தாரேன், ஆனா பாத்து மெதுவா ஓட்டோணும்" என்றார் மெக்கானிக்.

மறுநாள் ஏற்காட்டில் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. நிமிர்த்தவே சொன்னேன்.

சேலம் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் கொண்டப்பநாயக்கன்பட்டியில், "ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார் கணவர். நேரமாகிறதே என்ற எரிச்சலோடு நிறுத்தினேன். குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிச் சாலையில் ஏற்றும்போது கீழே 'டக்'கென்று சத்தம். ஸ்டியரிங் என் கையை உதறிக்கொண்டு திரும்பியது. இடது சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து, கார் முன்னால் சாய்ந்து நின்றது. குனிந்து பார்த்தால், நிமிர்த்திய இடத்திலேயே இரும்பு முறிந்திருந்தது.

"மேல வளைவுல இப்படி ஆயிருந்தா என்னங்க பண்ணியிருப்போம்?" என்றேன்.

கணவர் மலையை அண்ணாந்து பார்த்தார். "சீர்ப் பையை எடு கண்ணு, பஸ் வருது" என்றார்.

பிறகு இரண்டு பக்கமும் புது ஆர்ம் போட்டுவிட்டோம். இப்போதெல்லாம் எது வளைந்தாலும் நிமிர்த்தச் சொல்வதில்லை. புதியது வரும்வரை கார் வாசலில் நிற்கும். யார் வீட்டு விசேஷமானாலும் பஸ்தான்.