அடைக்கலசாமி காதில் விழுந்த ‘வாரேன்’

ஆவூர் அடைக்கலசாமிக்குக் காது கூர்மை. யுத்த காலத்தில் வயர்லெஸ் கேட்டுப் பழகிய காது. எவ்வளவு இரைச்சலிலும் ஒரு எழுத்து பிசகாமல் எழுதிவிடுவார் என்று பேர் வாங்கியவர். கீரனூருக்குக் கிழக்கே பொட்டலில் ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, தகரக் கூரை போட்ட சின்னக் கோபுரத்தில் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். அவர் மைக்கில் உத்தரவு சொல்லாமல் எந்த விமானமும் கிளம்பக் கூடாது. பேச்சு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசை மாதிரி தவறாமல் கடைப்பிடித்தார்.

முத்துராமன் வந்த பிறகுதான் சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அறந்தாங்கிக்காரர், பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், சிரித்த முகம். இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னால் தமிழில் இரண்டு சொல்வார். அடைக்கலசாமியும் முதலில் கடிந்துகொண்டார், பிறகு ரசித்தார், கடைசியில் தானும் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினார். பிடித்தவர் பேசினால் யாருக்குத்தான் கண்டிக்க மனசு வரும்?

அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதக் காலை. ஓடுபாதையின் முனையில் முத்துராமன் தனியாக விமானத்தோடு நின்றார். இஞ்சின் உதறுகிறது என்றார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, சரிப்படவில்லை என்றால் கொட்டகைக்குத் திரும்பிவிடும்படி அடைக்கலசாமி சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் குரல் வந்தது. முன்பாதியைக் கரகரப்பு விழுங்கிவிட்டது. கடைசி மட்டும் தெளிவாக விழுந்தது.

“அப்ப வாரேண்ணே.”

“வாங்க தம்பி.”

திரும்பி வருகிறார் என்றே அடைக்கலசாமி நினைத்தார். பாதையைக் கடக்கக் காத்திருந்த ரோடு ரோலருக்கு, மறுபக்க ஜன்னலில் நின்று பச்சைக் கொடி காட்டினார். இஞ்சின் முழு வேகத்தில் அலறும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது விமானம் பாதிப் பாதை ஓடியிருந்தது. ரோலர் ஓட்டிய மலையாண்டி மேல் மோதாமலிருக்க முத்துராமன் விமானத்தை ஒடித்துத் திருப்பினார். அது பனைமரத்தில் போய் மோதியது. மலையாண்டி பிழைத்தான். முத்துராமன் பிழைக்கவில்லை.

உத்தரவை மீறிப் பறந்த விமானி என்று மறுநாளே பேப்பரில் வந்துவிட்டது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போகிறானா?

விசாரணைக்கு வந்த அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. ‘வாரேன்’ என்றால் ‘வருகிறேன்’ என்று குமாஸ்தா மொழிபெயர்த்துக் கொடுத்தார். அகராதிப்படி அந்த மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பறந்திருக்கிறார், தவறு முழுக்க விமானியுடையது என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார் அதிகாரி. போட்டிருந்தால் அடைக்கலசாமிக்கு வேலை நிலைத்திருக்கும். பேனாவைக் கையில் எடுத்தவர், அதை மூடிக் கீழே வைத்தார். எங்கள் பக்கம் கிளம்புகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார், வாரேன் என்றுதான் சொல்வார் என்று விளக்கினார். அதற்கு நீர் என்ன பதில் சொன்னீர் என்று அதிகாரி கேட்டார்.

“வாங்கன்னேன் சார். போயிட்டு வாங்கன்னுதான் அவர் எடுத்துக்குவார். உத்தரவு நான் குடுத்ததுதான்.”

வேலை போயிற்று. பிற்பாடு கீரனூரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டுப் பிழைத்தார். ஆனால் அதற்கு முன்னால் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினார். முத்துராமனின் அப்பா பெரியகருப்பன், பேப்பரில் வந்ததைப் படித்த நாளிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தார். மகன் செத்துப் போனதோடு, கெட்ட பேரோடும் செத்தான் என்ற துக்கம் அவருக்கு.

அடைக்கலசாமி அவர் முன்னால் நின்றுகொண்டே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தார். பெரியவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப எம்மவன் சொல்லிட்டுத்தான் போனானா?”

“சொல்லிட்டுத்தாங்க போனாரு. எங்கிட்டத்தான் சொன்னாரு.”

பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகன் போய் மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு அழுகை வந்ததாம்.